டேப்பை நம்பிய கதை: சப்வூஃபரோடு மூன்று வருடம்

பாளையங்கோட்டை வீட்டு ஹாலில் இந்த செட் மூன்று வருடமாக ஓடுகிறது. முன்னால் இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், மூலையில் தாழ்ந்த ஒலிக்கென்றே 10 அங்குல சப்வூஃபர், இவற்றுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ஒரு ஏவி ரிசீவர். பிரிக்கும் எல்லையான கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ்; அதற்குக் கீழே உள்ளது சப்புக்குப் போகும். இதில் இரண்டு வருடம் நானே செய்த தப்போடு கேட்டிருக்கிறேன்.

வாங்கிய அன்று உட்காரும் இடத்தில் மைக்கை வைத்து, தூரத்தைத் தானே அளக்கும் ரிசீவரின் ஆட்டோ செட்டப்பை ஓட்டினேன். ஸ்பீக்கருக்கு 9 அடி காட்டியது, சரி. சப்புக்கு 17 அடி என்றது. எங்கள் ஹாலே 18 அடிதான்! கொத்தனார் விட்டுப்போன டேப்பை எடுத்து அளந்தால் 11 அடி. மிஷினுக்கு என்ன தெரியும் என்று 11 ஆகத் திருத்திவிட்டேன்.

அதற்கப்புறம் அதிர்வு இருந்தது, நெஞ்சில் இடிக்கும் அடி இல்லை. நண்பர் ஒருவர் நல்ல ரெக்கார்டரில் பதிந்து தந்த கணியான் கூத்து என்னிடம் உண்டு; மகுடம் என்ற தோல் வாத்தியம் இரண்டை அடித்து ஆடும் எங்கள் பக்கத்துக் கூத்து. அந்த இரண்டில் உயர்ந்த ஒலி தரும் உச்சம் பளிச்சென்று கேட்கும்; தாழ்ந்த ஒலி தரும் மந்தம் மட்டும் தீயில் காய்ச்சாத தோல்போலத் தொளதொளவென்று விழும். சப்பின் வால்யூமைக் கூட்டிப் பார்த்தேன். மந்தம் எழவில்லை, அடுக்களையில் தட்டு ஸ்டாண்டுதான் ஆடியது. "ஏலே, எவர்சில்வர் பூரா கிடுகிடுங்குது" என்று அம்மா சத்தம் போட்டாள்.

ரிசீவரில் தூரம் என்று எழுதியிருந்தாலும், எல்லா ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வர அதற்கு வேண்டியது நேரக் கணக்கு. ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறக்குறைய 0.9 மில்லி விநாடி ஆகும். சப்புக்குள் இருக்கும் ஃபில்டர், ஒலியைக் கணக்கிட்டுத் திருத்தும் டிஎஸ்பி எல்லாம் சேர்ந்து ஒலியைக் கொஞ்சம் பிடித்து வைத்துத்தான் வெளியே விடும். அந்தத் தாமதத்தையும் அடியாக்கிச் சேர்த்துத்தான் ரிசீவர் 17 என்றது. நான் வெட்டிய 6 அடி, 5 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல். 80 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 12.5 மில்லி விநாடிதான். ஆக, ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது சப் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

போன லீவுக்கு வந்த அக்கா மகனைச் சப்புக்குப் பின்னால் உட்காரவைத்து ஃபேஸ் சுவிட்சை 180-க்குத் தள்ளச் சொன்னேன்; அது சப்பின் தள்ளலையும் இழுப்பையும் தலைகீழாக்கிவிடும். சப்பும் ஸ்பீக்கரும் தனித்தனியே ஒரே அளவு சத்தம் தரும்படி வைத்து, 80 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, தூரத்தை 15-லிருந்து அரை அடி அரை அடியாக ஏற்றினேன். 17.5-இல் டோன் அமுங்கி, அதுவரை கேட்காத ஃபேன் சத்தம் கேட்டது. இருக்கிற அளவுகளிலேயே அதிகம் அமுங்கும் இடம்தான் நமக்கு வேண்டியது; தலைகீழாக வைத்தபோது ஒன்றையொன்று அழித்தால், 0-இல் இரண்டும் சேர்ந்து தள்ளும். சுவிட்சைத் திரும்ப 0-க்குக் கொண்டுவந்தான். "மாமா, நெஞ்சுல இடிக்கு!"

உள்ளதைச் சொன்னால், 11 அடியிலேயே விட்டுச் சுவிட்சை மட்டும் 180-க்குத் தள்ளியிருந்தாலும் முக்கால்வாசி சரியாகியிருக்கும். அந்தச் சுவிட்சை இரண்டு வருடம் தொடவே இல்லை என்பதுதான் எரிச்சல்.

இப்போது சப்பின் வால்யூமை முன்பிருந்ததில் பாதிக்குக் குறைத்துவிட்டேன். மந்தம் தனியாகக் கேட்கிறது, தட்டு ஸ்டாண்டு சும்மா இருக்கிறது. ஒரே குறை, ராத்திரி மெதுவாக வைத்தால் ஆட்டோ ஸ்டாண்ட்பை சப்பைத் தூங்கவைத்துவிடும். அதனால் எப்போதும் ஆனிலேயே விட்டிருக்கிறேன், கரண்ட் பில் கொஞ்சம் கூடினாலும்.