கல்விக் கடன் வாங்கப் போகும் சேலத்து வீடுகளுக்கு: எங்கள் வட்டிக் கணக்கைப் பாருங்கள்

இந்த ஆண்டு பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக வங்கி வாசலில் நிற்கப் போகிறவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

2017-இல் எனக்குப் பொறியியல் படிப்பில் இடம் கிடைத்தது. அப்பா சிவதாபுரத்தில் வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி, கொலுசு பற்றவைப்பவர். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன், வட்டி 11 சதவீதம். கிளை அதிகாரி அப்பாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "படிப்பு முடிந்து ஓராண்டு வரை ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம், பெரியவரே. பெண் சம்பாதித்துக் கட்டிக்கொள்ளும்." அப்பா கைகூப்பினார். கட்ட வேண்டாம் என்றால் அதுவரை வட்டியும் இருக்காது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவரும் திருத்தவில்லை.

கல்லூரிக்குப் பணம் போன அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிட்டது. 2022-இல் முதல் தவணை கட்டப் போனபோது பாக்கி 5,80,286 ரூபாய். பத்தாண்டுகளுக்கு மாதம் 7,993. முதல் மாதம் கட்டியதில் 5,319 ரூபாய் வட்டிக்கே போனது. அசலில் கழிந்தது 2,674. பத்தாண்டும் தவறாமல் கட்டி முடித்தால் நான்கு லட்சத்துக்கு 9,59,160 ரூபாய்.

அன்றிரவு கணக்கு விவரத் தாளைத் தரையில் விரித்துவைத்து அப்பாவும் நானும் உட்கார்ந்தோம். முதலாளி எடைபோட்டுத் தரும் வெள்ளிக்கு, சேதாரம் போகக் கிராம் பிசகாமல் திருப்பிக் கொடுக்கிற மனிதர் அவர். பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "வட்டிக்கு வட்டி போட்டிருக்கிறார்களே, கண்ணு?"

ஆமாம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிக்கும் காலத்துக்கும் அதன் பிறகு தவணை கட்டத் தேவையில்லாத விடுப்புக் காலத்துக்கும் தனிவட்டிதான். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு என்று கூட்டினால் 1,54,000 ரூபாய். எங்கள் கிளை ஆண்டுதோறும் வட்டியை அசலோடு சேர்த்து, 26,286 ரூபாய் கூடுதலாக ஏற்றியிருந்தது.

இதைவிட வயிறு எரிவது இன்னொன்றுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி படிப்பவர்களுக்கு படிக்கும் காலத்துக்கும் விடுப்புக் காலத்துக்குமான வட்டியை அரசே ஏற்கும் மத்திய அரசு மானியத் திட்டம் 2009 முதல் இருக்கிறது. வருமானச் சான்றிதழை நாம் தர வேண்டும். மானியத்தை வங்கிதான் கேட்டுப் பெற வேண்டும். தாசில்தார் அலுவலகத்துக்கு அலைந்து வாங்கிய சான்றிதழை அப்பா 2017-லேயே கொடுத்துவிட்டார். அது கோப்பிலேயே கிடந்தது. இரண்டு முறை நேரில் போய்க் கேட்டேன். "அதெல்லாம் தானாக வரும்" என்றார்கள். வரவில்லை.

எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். 30 நாள் பதில் இல்லை. அதன்பின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டேன். அதற்குக் கட்டணம் கிடையாது, 14448 என்ற எண்ணில் வழியும் சொல்வார்கள். வட்டிக்கு வட்டியைக் கழித்துவிட்டார்கள். மானியத்துக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது என்ற பதில்தான் வந்தது. அந்த 1,54,000-த்தைத்தான் இன்று என் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு விவரம் கேட்டு வாங்குங்கள். மானியத்துக்கு விண்ணப்பித்ததை எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டிவாருங்கள். எங்களுக்கு முதல் ஆண்டில் அது மாதம் 917 ரூபாய்தான் ஆகியிருக்கும். சொல்லியிருந்தால் அப்பா எப்படியாவது கட்டியிருப்பார். அப்படிக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் ஒரு சதவீதம் வட்டியைக் குறைக்கவும் செய்கின்றன.

சேலத்தில் யாருக்காவது கணக்குத் தாள் புரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடலாம்.