இளங்கன்றுத் தீவனம்: குச்சி நன்று, துண்டறிக்கை போதாது

பால் மறக்கடிக்கும் பருவத்துக் கன்றுகளுக்கென விற்கப்படும் குச்சித் தீவனம் ஒன்றை எங்கள் பண்ணையில் அடுத்தடுத்துப் பிறந்த கன்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். தீவனத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே உண்டு. மூட்டைக்குள் வைத்துத் தரும் துண்டறிக்கையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

குச்சிகள் சிறியவை. விரலால் அழுத்தினால் உடைகின்றன, ஆனால் மூட்டைக்குள் தாமாக நொறுங்கித் தூளாவதில்லை. தூள் அதிகமிருந்தால் கன்றின் ஈர மூக்கில் அப்பிக்கொள்ளும். கன்றும் தலையை உதறிவிட்டு விலகிப் போய்விடும் என்பதால் இதை முக்கியமாகக் கருதுகிறேன். பால் குடித்து முடித்த கையோடு, இன்னும் விரலைச் சப்பிக்கொண்டிருக்கும் கன்றின் வாயில் நாலைந்து குச்சிகளை வைத்தால், முதலில் நாக்கால் தள்ளினாலும் வெல்லப்பாகின் இனிப்பு பிடிபட்டதும் தானே தொட்டியைத் தேடத் தொடங்குகிறது. புரதம் 20 சதவீதம் என்று மூட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். இவ்வயதுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் 18 முதல் 20 சதவீதத்துக்குள் அது அடங்குகிறது.

இந்தத் தேடல் சீக்கிரம் தொடங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. பிறந்த கன்றின் வயிற்றில் நான்காம் அறையே பெரியது. சப்பிக் குடிக்கும்போது உணவுக்குழாய்ப் பள்ளம் மூடிக்கொண்டு பாலை நேராக அங்கே சேர்த்துவிடுவதால், பாலை மட்டுமே நம்பி வளரும் கன்றின் ரூமென் எனும் முதல் அறை மெல்லிய சுவருடன் வளர்ச்சியின்றிக் கிடக்கும். தானிய மாவுச்சத்தை அங்குள்ள நுண்ணுயிரிகள் புளிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக், புரோப்பியோனிக் அமிலங்களே சத்தை உறிஞ்சும் முளைகளை அச்சுவரில் வளரச் செய்கின்றன. உணவு ரூமெனை எப்படி வளர்க்கிறது என்பதை வார்னர், ஃபிளாட், லூஸ்லி ஆகிய மூவரும் 1956-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார்கள். வைக்கோல் ரூமெனின் கொள்ளளவைப் பெருக்கும், முளைகளை அந்த அளவுக்கு வளர்க்காது. கன்று கணிசமாகத் தீவனம் தின்னத் தொடங்கிய பிறகும் ரூமென் பக்குவப்படச் சுமார் மூன்று வாரமாகும்.

துண்டறிக்கையோ இத்தனையாவது நாளில் பாலை நிறுத்துங்கள் என்று வயதை மட்டும் குறிக்கிறது. ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு கன்றுகளில் ஒன்று தொட்டியை நக்கித் துடைத்துவிட, மற்றது அப்போதுதான் குச்சியை மென்று பழகிக்கொண்டிருக்கும்; இரண்டுக்கும் ஒரே நாளில் பாலை நிறுத்தினால் பிந்தியது மெலிந்துபோகும். பெரிய இனக் கன்று தொடர்ந்து மூன்று நாள், நாளொன்றுக்கு ஒரு கிலோ தீவனம் தின்றபின், பாலைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதே பொருத்தம். அந்த அளவுகோலை அச்சிட இரண்டு வரி போதும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது இன்னும் பெரிய குறை. பால் ரூமெனுக்குள் போவதில்லை. அங்குள்ள நுண்ணுயிரிகளுக்குத் தனியே வைக்கும் குடிநீர்தான் ஆதாரம். கெர்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீர் கிடைக்காத கன்றுகள் 31 சதவீதம் குறைவாகத் தீவனம் தின்றன, எடை கூடுவதும் 38 சதவீதம் குறைந்தது. தண்ணீர் வைக்காமல் இத்தீவனத்தை வாங்கிப் போடுபவர், கன்று தின்னவில்லையென்று தீவனத்தின்மேல் பழி சொல்வார்.

மீண்டும் இதையே வாங்குவேன். ஆனால் பெரிய மூட்டையில் மட்டுமே விற்பது ஒன்றிரண்டு கன்று வைத்திருப்பவர்களுக்குச் சிரமம். பிரித்து நாளாகி மணம் குன்றிய குச்சியைக் கன்றுகள் முகர்ந்துவிட்டு ஒதுக்கிவிடுகின்றன.