எஞ்சினைக் கொல்வதா, சான்றிதழை நம்புவதா?

பழைய காரை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதிய கார் வாங்குவோருக்கு அரசே பணம் தரும் திட்டங்களை, 2009ஆம் ஆண்டுப் பொருளாதார மந்தத்தின்போது ஜெர்மனியும் அமெரிக்காவும் பெரிய அளவில் நடத்தின. வாடிக்கையாளர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு அந்தப் பழைய கார் யார் கையில், எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் இத்தகைய திட்டங்களில் மோசடிக்கு இடம் இருக்கிறது. அந்த ஓட்டையை இரு நாடுகளும் அடைக்க முயன்ற விதம் முற்றிலும் வேறு.

ஜெர்மனி காகிதத்தை நம்பியது. குறைந்தது 9 ஆண்டு பழமையான, ஓராண்டாவது தம் பெயரில் இருந்த காரைக் கொடுப்பவருக்கு 2,500 யூரோ கிடைத்தது. முதலில் 150 கோடி யூரோவாக இருந்த ஒதுக்கீடு பின்னர் 500 கோடியாக உயர்ந்து, ஏறத்தாழ 20 லட்சம் கார்களுக்குப் பணம் போனது. அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு நிலையம் ஒன்று, காரைப் பெற்றுக்கொண்டதாகச் சான்றிதழில் கையெழுத்திட்டால் போதும். ஆனால் கையெழுத்தாகும் நேரத்தில் கார் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. நம் ஊர் ஆர்.சி. புத்தகத்துக்கு இணையான பதிவு ஆவணத்தின் நகலைத்தான் தொடக்கத்தில் கேட்டார்கள், மூல ஆவணத்தைக் கேட்டது பிறகுதான். ஓடும் கார், மூல ஆவணம் ஆகிய இரண்டும் கையில் இருக்கும் டீலருக்கோ உடைப்பு நிலையக்காரருக்கோ அதை நசுக்கி இரும்பு விலைக்குத் தள்ளுவதைவிடக் கப்பலேற்றுவதில் பன்மடங்கு லாபம். இப்படி 50,000 கார்கள் வரை ஆப்பிரிக்காவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் கடத்தப்பட்டிருக்கலாம் என்று அந்நாட்டுக் குற்றப்புலனாய்வு அதிகாரிகள் சங்கம் அப்போதே மதிப்பிட்டது.

அமெரிக்கா காகிதத்தோடு நிற்கவில்லை. எஞ்சினையே கொல்லச் சொன்னது. டீலர் எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சுமார் இரண்டு லிட்டர் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் ஓடவிட வேண்டும். சூட்டில் நீர் ஆவியாகி, எஞ்சியது கண்ணாடிபோல் இறுகிப் பேரிங்குகளைக் கவ்வ, சில நிமிடங்களில் எஞ்சின் திணறி நின்றுவிடும். அதன் பிறகு அதை எந்த மெக்கானிக்காலும் ஓட வைக்க முடியாது. உரிமை ஆவணத்திலும் உடைப்புக்குரிய கார் என்ற முத்திரை விழும். 180 நாட்களுக்குள் காரின் உடல் நசுக்கப்பட வேண்டியிருந்தது. ஒவ்வொரு மீறலுக்கும் 15,000 டாலர் வரை அபராதம் இருந்தது.

இதனால் அமெரிக்க டீலர்களுக்கு வழியே இல்லாமல் போனது என்று நினைக்க வேண்டாம். 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடியை டீலர் தம் கையிலிருந்து முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு அரசிடம் கோரிப் பெறுவதே ஏற்பாடு. பழைய காரின் இரும்பு மதிப்பு எவ்வளவு என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லி, நிர்வாகச் செலவுக்கென 50 டாலருக்கு மேல் தாம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் விதி இருந்தது. அந்த மதிப்பைச் சொல்லாமலே விழுங்குவதும், அரசின் தொகையைக் காட்டி வழக்கமான தள்ளுபடியைச் சத்தமின்றிக் குறைப்பதும் எஞ்சினைக் கொல்வதால் தடுக்கக்கூடியவை அல்ல. ஆனால் இவை ஒவ்வொரு விற்பனையிலும் சில நூறு டாலர் அளவிலான களவு. ஜெர்மனியில் நேர்ந்ததோ, பழைய காரை ஒழிப்பது என்ற திட்டத்தின் நோக்கத்தையே களவாடுவது.

சோடியம் சிலிக்கேட் முறைக்கு ஒரு விலையும் உண்டு: உதிரிபாகக் கடைகளுக்கு அதிகம் வருவாய் தரும் எஞ்சின் வீணாகிறது. அந்த இழப்பை ஏற்றாலும், டீலரின் முற்றத்தில் வாடிக்கையாளர் கண்முன்னேயே முடிந்துவிடக்கூடிய வேலைக்கே என் ஓட்டு. நகலுக்குப் பதில் மூல ஆவணத்தை வாங்கிவைக்கும் ஜெர்மானியத் திருத்தத்தையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். தனியாக அது காரை நிறுத்தாது, ஏனென்றால் சோதனை தளர்ந்த ஊர்களில் புத்தகம் இல்லாத காருக்கும் ஆள் கிடைக்கும், எஞ்சின் இறுகிய காருக்குக் காயலான் கடைக்காரரைத் தவிர வேறு யாரும் வரமாட்டார்கள்.