பாஸ்-டேக் ஜெல்: ஈஸ்ட்டின் குளூக்கோஸ் சுவிட்சைப் பார்க்க வாங்கலாமா?

குளூக்கோஸ் தீர்ந்ததும் ஈஸ்ட்டில் எஸ்என்எஃப்1 என்ற கைனேஸின் (புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் என்சைம்) 210ஆம் இடத்திலுள்ள திரியோனின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறுகிறது. விழித்த கைனேஸ், மிக்1 என்ற அடக்கிப் புரதத்தில் பல இடங்களில் பாஸ்பேட்டை ஏற்றி நியூக்ளியஸை விட்டு வெளியேற்றும். அதன்பிறகுதான் சர்க்கரையை (சுக்ரோஸை) உடைக்கும் இன்வெர்டேஸ் என்சைமின் ஜீன் முழுவேகத்தில் ஓடும். மிக்1-இல் எத்தனை பங்கு மாறியது, எத்தனை பங்கு மாறாமல் நிற்கிறது என்பதை ஜெல்லின் ஒரே லேனில் (ஒரு சாம்பிள் ஓடும் தடம்) காட்டுவதே பாஸ்பேட்டைப் பிடிக்கும் பொருளான பாஸ்-டேக்கின் பலம். ஹிரோஷிமா பல்கலைக்கழகக் குழு 2006-இல் வெளியிட்ட முறை இது. ஜெல்லுக்குள் பாஸ்-டேக்கோடு கோர்த்த மாங்கனீசு அயனிகள் பாஸ்பேட்டைப் பிடித்திழுக்க, பாஸ்பேட் ஏறிய புரதம் பின்தங்கும்.

10 மில்லி பிரிப்பு ஜெல்லுக்கு 5 மில்லிமோலார் பாஸ்-டேக் கரைசலில் 100 மைக்ரோலிட்டர், 10 மில்லிமோலார் மாங்கனீசு குளோரைடு 100 மைக்ரோலிட்டர். அதாவது ஜெல்லில் பாஸ்-டேக் 50 மைக்ரோமோலார், மாங்கனீசு 100 மைக்ரோமோலார். அக்ரிலமைடு 8% நல்ல தொடக்கம். பேண்ட் இழுத்துப் பூசியதுபோல் வந்தால் பாஸ்-டேக்கை 25 மைக்ரோமோலாராகக் குறைத்துப் பாருங்கள், மாங்கனீசையும் பாதியாக்கி. பாஸ்-டேக் கரைசலை வெளிச்சம் படாமல் 4 டிகிரியில் வைக்க வேண்டும்.

பெரும்பாலான தோல்விக்கு ஜெல் காரணமல்ல, செல்லை அறுவடை செய்த விதமே காரணம். குளூக்கோஸ் நிறைந்த கல்ச்சரை அப்படியே சென்ட்ரிஃபியூஜில் சுற்றினாலே எஸ்என்எஃப்1 விழித்துக்கொள்ளும். 'குளூக்கோஸ் உள்ள' லேன் பட்டினி லேன்போல் தோன்றும். கல்ச்சரிலேயே டிசிஏ (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) சேர்த்து 10% ஆக்கி, பனியில் 10 நிமிடம் வைத்தபிறகே சுற்றுங்கள். வண்டலை அசிட்டோனில் இருமுறை கழுவுங்கள். சாம்பிள் பஃபரின் நீலச் சாயம் மஞ்சளாக மாறினால் அமிலம் மிச்சமிருக்கிறது; நீலம் திரும்பும்வரை டிரிஸ் பேஸ் சொட்டுங்கள். விட்டுவிட்டால் பேண்ட் கோணும்.

சாம்பிளில் இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) இருக்கவே கூடாது, அது மாங்கனீசைப் பறித்துவிடும். புரதத்தை ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபருக்கு முன் நிலைமை தலைகீழ்: 10 மில்லிமோலார் இடிடிஏ கலந்த டிரான்ஸ்ஃபர் பஃபரில் பத்துப் பத்து நிமிடமாக இருமுறை ஊறவைத்து, பிறகு இடிடிஏ இல்லாத பஃபரில் ஒருமுறை. இதைத் தாண்டிக் குதித்தால் பாஸ்பேட் ஏறிய வடிவம்தான் ஜெல்லிலேயே தங்கும், கணக்கு பொய்யாகும். மெம்பிரேனுக்குப் பிவிடிஎஃப், ஈர டிரான்ஸ்ஃபர்.

குறைகளும் உண்டு. மார்க்கரை வைத்து மூலக்கூறு எடை படிக்க முடியாது. மேலே நிற்கும் பேண்ட் எந்த செரினில் மாறியது என்று தெரியாது; அதற்கு அந்த இடத்தை அலனினாக மாற்றிய மியூட்டன்ட் பக்கத்து லேனில் வேண்டும். பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைமான லாம்டா பாஸ்பேட்டேஸ் கன்ட்ரோலை டிசிஏ சாம்பிளில் செய்யாதீர்கள், தனியாக உடைத்த செல்களின் சாறு (லைசேட்) எடுங்கள். அசிட்டைல், யுபிக்குவிட்டின் மாற்றங்களுக்கு இந்த ஜெல் உதவாது.

எஸ்என்எஃப்1 விழித்ததா என்று மட்டும் கேட்பவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம். எஸ்என்எஃப்1-இன் பாலூட்டி வடிவமான ஏஎம்பிகேயின் 172ஆம் திரியோனினில் ஏறிய பாஸ்பேட்டை அறியும் பாஸ்போ ஆன்டிபாடியே ஈஸ்ட்டின் 210-ஐப் பிடிக்கும். மிக்1-இன் பங்கை நிமிடவாரியாகத் தொடர்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.