ஊர் முகாமா, மதுரைப் பயணமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரையைப் பார்க்க இரண்டு வழி: ஊர்க் கண் முகாமில் கேமராப் படம், மதுரைக் கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு முழுப் பரிசோதனை.

சர்க்கரையால் வரும் விழித்திரை நோய் ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் புடைத்துக் கசியும். முற்றினால் புதுக் குழாய்கள் முளைத்து, உடைந்து, பார்வையை மறைக்கும். சென்னை ஆய்வு ஒன்றில் சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 18% பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது.

அதனால்தான் முகாமை நான் மதிக்கிறேன். "கண்ணு நல்லாத்தானப்பா தெரியுது" என்று மறுக்கும் ஆச்சியையும் கேமரா முன் உட்கார வைத்துவிடலாம். சில நிமிட வேலை. ஆனால் புரை விழுந்த கண்ணில் படம் தெளிவாக விழாது, விழித்திரையின் ஓரமும் முழுதாகத் தெரியாது.

மதுரையில் ஸ்கேன், லேசர், ஊசி எல்லாம் உண்டு. சொட்டு விட்டபின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். துணைக்கு ஆள் வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருப்பவர்கள் இங்கேதான் தள்ளிப்போடுகிறார்கள்.

என் கணக்கு: தொந்தரவு இல்லாதவர்களுக்கு வருடம் ஒருமுறை முகாம் படம். படத்தில் ஏதாவது தெரிந்தாலோ, பார்வை குறைந்தாலோ, சர்க்கரையுள்ள பெண் கர்ப்பமானாலோ, காத்திருக்காமல் மதுரைக்குக் கிளம்புங்கள்.