ஆறு வருடம், ஒரு டர்ன்டேபிள், கால் கட்டை

"அண்ணே, நீங்க இசைத்தட்டு கேட்க வெச்சிருக்கற டர்ன்டேபிள் விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டார். அன்றைக்குத்தான் என்னுடையது இரண்டாவது முறை பெல்ட் மாற்றி வந்திருந்தது. அந்தச் சூட்டில் எழுதுகிறேன்.

எல்.பி. என்ற நீண்ட நேரத் தட்டுகள் கேட்பதற்குக் குறை சொல்ல எதுவுமில்லை. நிமிடத்துக்கு 33 சுற்றில் ஆறு வருடமாகப் பிசகாமல் ஓடுகிறது. ஆனால் நான் இதை வாங்கியது 78 சுற்றுக்காக. அந்த வேகத்தில் ஓடும் பழைய அரக்குத் தட்டுகளுக்கென்று மூன்று மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி தனியாக வாங்கி மாட்டினேன். எல்.பி. ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் போய் உரசும், இரைச்சல்தான் மிஞ்சும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள்கூட அதே நான்கைந்து ஆங்கில ஆல்பங்களைத்தான் சுற்றிச் சுற்றிப் போடுவார்கள். ஒரு நாள் நான் பழைய இரும்புக் கடையில் எடுத்த ஒரு நாகஸ்வரத் தட்டைப் போட்டேன். லேபிள் பாதி உரிந்து, "பிள்ளை" என்ற எழுத்து மட்டும் மிச்சம். மூன்று நிமிடம் கேதாரகௌளை ராகம். தட்டு முடியப் போகிறது என்று தெரிந்து, கடைசி மூச்சில் மேல் ஷட்ஜத்தைத் தொட்டுவிட்டு அவர் இறங்கும் இடத்தில் யாரும் பேசவில்லை. "யாருங்க இது?" என்றார்கள். எனக்கும் தெரியாது. அன்றிரவே கணினியில் ஏற்றி எல்லோருக்கும் அனுப்பினேன்.

அங்கேதான் வினை. நாகஸ்வரம் கற்ற நண்பர் ஒருவர் கேட்டுவிட்டு, "இது திமிரியா, பாரியா? ஸ்ருதி ரெண்டு கட்டைக்கும் ரெண்டரைக்கும் நடுவுல நிக்குதே" என்றார். திமிரி உச்ச ஸ்ருதியில் ஒலிக்கும் குட்டை நாகஸ்வரம், பாரி தாழ்ந்த ஸ்ருதியில் ஒலிக்கும் நீளமானது; கட்டை என்பது ஸ்ருதியின் அளவு. ஒத்து (கூடவே ஸ்ருதி பிடித்து ஊதும் துணைக்குழல்) ஒலிக்கும் இடத்தில் ஸ்ருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தேன், உண்மைதான். ஓடும் வேகத்தைப் பார்க்க, 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் தாளைத் தட்டின் மேல் வைத்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் நியான் இன்டிகேட்டரைக் கிட்டே பிடித்தேன். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு துடிக்கும் வேகத்துக்கு, தட்டு 78இல் ஓடினால் அந்தக் கோடுகள் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை, முன்னால் நகர்ந்துகொண்டே போயின. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 80 சுற்று. கிட்டத்தட்ட கால் கட்டை ஏற்றம்.

33க்கும் 45க்கும் வேகத்தைச் சரிசெய்ய அடியில் திருகு இருக்கிறது, 78க்கு இல்லை. பழுதுபார்த்தவர் பெல்ட்டுக்கு 900 ரூபாய் வாங்கிக்கொண்டு, "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்.

இதென்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்த பிறகுதான், உச்ச ஸ்ருதித் திமிரியை விட்டுப் பலரும் கீழே இறங்கினார்கள். ஒரு வித்வான் அந்த மாற்றத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதற்கு ஸ்ருதி ஒரு தடயம். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1964இல், 43 வயது நிறையும் முன்பே போய்விட்டார். எஸ். ஜானகியோடு வாசித்த ஒரே சினிமாப் பாட்டால் மட்டும் பலருக்கு அவரைத் தெரியும் என்றாலும், அவருடைய ஒரு தட்டு தப்பாக ஓடினால் அவருடைய இன்னொரு தட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தப் பிள்ளைக்கு என் கையில் இருப்பது இந்த ஒரு தட்டுதான். அதையும் மாற்றிக் காட்டினால் அவரைப் பற்றிப் பொய் சொன்ன மாதிரி. அந்தப் பொய்யை இருபது பேருக்கு அனுப்பியவன் நான்.

இப்போது கணினியில் ஏற்றிய பிறகு வேகத்தை இரண்டரை சதவீதம் குறைத்துக்கொள்கிறேன். பழைய காலத்தில் பதிவு செய்த இயந்திரங்கள் பலவுமே சரியாக 78இல் ஓடியதில்லை, அதனால் இதுவும் முடிந்த முடிவு இல்லை. ஆனாலும் ஒத்து இப்போது இரண்டு கட்டையில் நிற்கிறது, ஸ்வரங்களை அசைத்து வாசிக்கும் கமகங்களுக்கு ஒரு நிதானம் வந்திருக்கிறது. பாரிதான் என்று நண்பர் சொல்கிறார்.

தம்பி, எல்.பி.க்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். 78க்கு என்றால் வேண்டவே வேண்டாம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். என்னுடையதைத் தருவீர்களா என்று கேட்டீர்கள். தர மாட்டேன், அந்தக் கேதாரகௌளையை எனக்கு முதலில் காட்டியது இதுதான். திருத்திய பதிவை எல்லோருக்கும் மறுபடி அனுப்பியிருக்கிறேன். பழையதை அழித்துவிடுங்கள். வாசிப்பை வைத்து ஆளைச் சொல்லத் தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் பக்கம் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள்.