பிஎஸ்4-ஆ, பிஎஸ்5-ஆ, பிசியா: கொழிஞ்சாம்பாறை போட்டிக்கு எது சரி?

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் 16 பேரை வைத்து சண்டை கேம் போட்டி நடத்துகிறோம். கோவைப் பசங்க வேலந்தாவளம் வழியாகவும், பொள்ளாச்சிப் பசங்க கோபாலபுரம் வழியாகவும் பஸ் பிடித்து வருவார்கள். இதுவரை எல்லாம் சோனியின் கேம் மெஷினான பிஎஸ்4-இல்தான் (பிளேஸ்டேஷன் 4) ஓடியது. இந்த முறை அதற்கு அடுத்து வந்த பிஎஸ்5-க்கோ பிசிக்கோ (கம்ப்யூட்டர்) மாற்றலாமா என்பதுதான் எங்களுக்குள் சண்டை.

டெக்கன் 8-க்கு விவாதமே தேவையில்லை. 2024 ஜனவரியில் வந்த அந்த கேம் பிஎஸ்4-க்கு வரவே இல்லை. சிக்கல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல். 2023 ஜூனில் வந்த அது பிஎஸ்4, பிஎஸ்5, பிசி மூன்றிலும் ஓடும். "இருக்கிற ரெண்டு பிஎஸ்4 போதாதா, எதுக்கு வாடகை?" என்கிறான் எங்கள் பொருளாளர். கேள்வியில் தப்பில்லை.

பிஎஸ்4-இன் பலம் செலவும் சுமையும். ஸ்லிம் மாடல் 2.1 கிலோ, பைக்குள் போட்டு பஸ்ஸில் கொண்டுவரலாம். முதலில் வந்த டிஸ்க் பிஎஸ்5 நாலரை கிலோ, மடியில் வைத்தால் பக்கத்து சீட்காரர் முறைப்பார். ஆனால் பிஎஸ்4-இல் லோடிங் இழுக்கும். 16 பேர் டபுள் எலிமினேஷன் (ரெண்டு தடவை தோற்றால்தான் வெளியே) என்றால் 30 மேட்ச். மேட்சுக்கு ஒரு நிமிடம் வீணானால், ரெண்டு மெஷினில் ஓட்டினாலும் கால் மணி நேரம் போச்சு. ஃபைனல் பார்க்காமல் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்கு அந்தக் கால் மணி பெரிசு.

எனக்கு அதைவிட முக்கியம் லேக். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் குத்து விழுவதற்கும் நடுவில் உள்ள தாமதம் மெஷினுக்கு மெஷின் மாறும். இந்த கேம்களில் ஒரு பிரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், நிற்பது 16.67 மில்லிசெகண்ட். இதற்கு முந்தைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதே பிஎஸ்4 கேமை பிஎஸ்5-இல் போட்டால் தாமதம் குறைந்தது. கேம் மாறவில்லை, பெட்டி மட்டும்தான் மாறியது. ஆகவே ஒரு மேசையில் பிஎஸ்4, இன்னொன்றில் பிஎஸ்5 என்று கலந்து வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். எந்த மேசை கிடைத்தது என்பதிலேயே ஒருவன் தோற்றுவிடலாம்.

கன்ட்ரோலர்தான் பிஎஸ்5-இன் தலைவலி. பிஎஸ்4 பேடு (ரெண்டு கையாலும் பிடிக்கும் சாதாரண கன்ட்ரோலர்) பிஎஸ்5 கேம்களில் வேலை செய்யாது. நம்ம பசங்களிடம் இருப்பது பெரும்பாலும் அதுதான். பிஎஸ்4-க்கான லைசென்ஸ் பெற்ற ஆர்கேட் ஸ்டிக் (ஜாய்ஸ்டிக்கும் பெரிய பட்டன்களும் உள்ள பெட்டி) இருப்பவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் பழைய பேடை பிஎஸ்5-இல் ஓட வைக்கும் கன்வெர்ட்டர் தேட வேண்டும், இல்லையென்றால் நாம் பேடு கொடுக்க வேண்டும். அப்புறம் ஒயர்லெஸ். போன தடவை யாரோ பைக்குள் வைத்த பேடு இன்னும் மெஷினோடு இணைந்தே இருந்தது. பட்டன் அமுங்கி செமிஃபைனல் நடுவில் மெனு வந்து நின்றது. பிஎஸ்5-க்கு மாறினாலும் இது தானாகப் போகாது. செட்டிங்ஸில் யூஎஸ்பி கேபிள் வழியாக மட்டும் என்று மாற்றி, மேட்ச் முடிந்ததும் பேடைத் துண்டிக்க ஒரு ஆள் நிற்க வேண்டும்.

பிசியில் இந்தத் தொல்லை குறைவு. எக்ஸ்பாக்ஸ் பேடு, ஸ்டிக், எதைச் சொருகினாலும் ஓடும். கோவைப் பசங்களில் பாதிப் பேர் பழகுவதே அதில்தான். ஆனால் நாலு பேரிடம் வாங்கும் நாலு பிசிக்கு நாலு கிராபிக்ஸ் கார்டு. ஒன்றுபோல் ஓடும் என்று யார் உத்தரவாதம் தருவது? நடுவில் விண்டோஸ் அப்டேட் வேறு கேட்கும்.

என் ஓட்டு பிஎஸ்5-க்குத்தான்: ரெண்டு வாடகைக்கு, ஒரே மாதிரி மானிட்டர், நாலு பேடு நம் கையிலிருந்து. கரண்ட் விஷயத்தை மறக்காதீர்கள். ஆட்டத்தில் பிஎஸ்5 ஒன்று 200 வாட் வரை இழுக்கும், பிஎஸ்4 ஸ்லிம் அதில் பாதிகூட இல்லை. மண்டபத்து இன்வெர்ட்டரை, கரண்ட் போனாலும் மெஷின் அணையாதபடி சட்டென்று மாறும் யூபிஎஸ் மோடில் போட்டு, மானிட்டரோடு சேர்த்து முந்தின நாளே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய பிஎஸ்4 ரெண்டும் ஓரமாக இருக்கட்டும், தோற்றவர்கள் விளையாடிக்கொண்டிருக்கலாம்.